ரசிகர் அசைவூட்டப் படங்களும் கார்ட்டூன் ஆவணகங்களும்

ரசிகர் அசைவூட்டப் படம் என்பது, முன்பே வெளிவந்த கார்ட்டூன், படக்கதை, திரைப்படம் அல்லது காணொளி விளையாட்டு ஒன்றின் பாத்திரங்களைக் கொண்டு, அவற்றின் உரிமையாளர் அல்லாத ஆர்வலர்கள் தாமே வரைந்து உருவாக்கும் படத்தைக் குறிக்கும். பெரும்பாலும் இவை சில நிமிடங்களே ஓடும் குறும்படங்கள். வணிக நோக்கம் இன்றி, மூலப்படத்தின் மீதுள்ள ஈடுபாட்டினால் உருவாக்கப்படுபவை. கார்ட்டூன்களைத் திரட்டிப் பாதுகாக்கும் இணைய ஆவணகங்களில் மூலப்படங்களோடு இவற்றையும் சேர்க்கலாமா, கூடாதா என்பது இணையம் பரவிய காலம் முதல் இருந்துவரும் கேள்வியாகும்.

தமிழருக்கு இக்கேள்வி முற்றிலும் புதியதன்று. ஒரு பெருங்கவிஞரின் நூலில் பிறர் எழுதிச் சேர்த்த பாடல்களை என்ன செய்வது என்று பதிப்பாசிரியர்கள் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். நூலகங்கள் ஒதுக்கிய மலிவுப் பதிப்புகளையும் துண்டறிக்கைகளையும் பாதுகாக்க வேண்டுமா என்ற கேள்விக்குச் செட்டிநாட்டுக்காரர் ஒருவர் தம் வாழ்நாள் உழைப்பால் விடை கூறியுள்ளார். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடி, கோட்டையூர், கண்டனூர், புதுவயல் என அடுத்தடுத்து அமைந்த ஊர்களைக் கொண்ட வட்டாரத்தோடு இவ்விரு வரலாறுகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவற்றின் துணையோடு ரசிகர் அசைவூட்டப் படங்கள் பற்றிய கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது.

ரசிகர் படங்களின் வகைகள்

ரசிகர் படங்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தெரிந்த பாத்திரங்களைக் கொண்டு புதிய கதை சொல்வது. இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஜப்பானில் உள்ளது. 1981-ஆம் ஆண்டிலும் 1983-ஆம் ஆண்டிலும் ஒசாக்காவில் நடந்த அறிவியல் புனைகதை மாநாடுகளின் தொடக்க நிகழ்ச்சிக்காக மாணவர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து இரண்டு குறும்படங்களை வரைந்தனர். டைக்கான் 3, டைக்கான் 4 என்று அவை அழைக்கப்படுகின்றன. இரண்டாவது படத்தில் ஜப்பானிய, அமெரிக்கப் படங்களின் பாத்திரங்கள் ஏராளமாகத் தோன்றுகின்றன. எவருடைய அனுமதியும் பெறப்படவில்லை. பின்னணியில் ஒலிக்கும் ஆங்கிலப் பாடலுக்கும் அனுமதி இல்லை. இப்படங்களை உருவாக்கிய குழுவினரே 1984-இல் கைனாக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அக்குழுவில் இருந்த ஹிடேயாகி அன்னோ 1995-இல் இயக்கிய நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன் தொடர் உலகப் புகழ் பெற்றது. ஜப்பானிய அசைவூட்டக் கலையின் வரலாற்றை எழுதுவோர் அந்த இரு ரசிகர் படங்களைக் கடந்துசெல்ல இயலாது.

இரண்டாம் வகை, மூலப்படத்தையே மீண்டும் வரைவது. 2014-இல் உலகின் பல நாடுகளைச் சேர்ந்த 250-க்கும் மேற்பட்ட ஓவியர்கள், செய்லர் மூன் தொடரின் ஒரு முழுப் பகுதியைத் துண்டுதுண்டாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவரும் தத்தம் பாணியில் வரைந்து இணைத்தனர். ஒரே கதை நூற்றுக்கணக்கான கைகளில் எப்படி மாறுகிறது என்பதை மாணவர்கள் இதில் காணலாம்.

மூன்றாம் வகை, சிதைந்துபோன மூலத்தை மீட்டுருவாக்குவது. லண்டனில் பணியாற்றிய ரிச்சர்டு வில்லியம்ஸ் என்ற அசைவூட்டக் கலைஞர் 1964-இல் தொடங்கி ஏறத்தாழ 28 ஆண்டுகள் ஒரு படத்திற்காக உழைத்தார். தி தீஃப் அண்ட் தி காப்ளர் என்பது அதன் பெயர். 1992-இல் படம் அவர் கையை விட்டுப் போயிற்று. பிறர் அதனை வெட்டியும் பாடல்களைச் சேர்த்தும் 1993-இலும் 1995-இலும் வெளியிட்டனர். 2006-இல் ரசிகர் ஒருவர், கிடைத்த படிகளையும் முடிவுறாத காட்சிகளின் கோட்டோவியங்களையும் சேர்த்து, வில்லியம்ஸ் எண்ணியிருந்த வடிவத்திற்கு நெருக்கமான ஒன்றைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டார். அந்தப் படத்தின் மூலத்தை அறிய விரும்பியவர்களுக்குப் பல ஆண்டுகள் இத்தொகுப்பே துணையாக இருந்தது. சேர்க்கக் கூடாது என்று பொதுவிதி வகுத்தால் இத்தகைய மீட்புப் பணியும் வெளியே நிற்க நேரும்.

மறுப்போர் கூறும் காரணங்கள்

ரசிகர் படங்களை ஆவணகத்தில் சேர்க்கக் கூடாது என்போரின் வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது.

முதலாவது, மயக்கம். மூலத்தையும் ரசிகர் படைப்பையும் ஒரே வரிசையில் வைத்தால் எது எவருடையது என்று பின்னால் வருவோர்க்குத் தெரியாமல் போகும். 2009-இல் யூடியூபில் வெளியான ஒரு கறுப்பு வெள்ளைக் காட்சித்துண்டு, மிக்கி மவுசின் தொலைந்துபோன பழைய படம் என்ற கதையோடு பரவியது. அது இணையத்தில் ஒருவர் உருவாக்கிய கற்பனை. இருப்பினும் அதை உண்மை என்று நம்பியோர் பலர். ஆவணகம் ஒன்றே இப்படிப்பட்ட படத்தைத் தக்க குறிப்பின்றி ஏற்றுக்கொண்டால் பொய்க்குச் சான்றிதழ் வழங்கியதாக ஆகும்.

இரண்டாவது, குழந்தைகளின் நலன். 2017-ஆம் ஆண்டில், குழந்தைகளுக்குப் பழகிய கார்ட்டூன் பாத்திரங்களைக் கொண்டு வன்முறையும் ஆபாசமும் கலந்த காணொளிகள் யூடியூபில் பெருமளவில் பரவியிருந்தது வெளிச்சத்திற்கு வந்தது. அவை ரசிகரின் அன்பினால் பிறந்தவை அல்ல. பார்வை எண்ணிக்கையைக் கருதித் தயாரிக்கப்பட்டவை. ஆனால் பெயரையும் படத்தையும் மட்டும் பார்க்கும் ஒரு குழந்தைக்கோ பெற்றோருக்கோ வேறுபாடு தெரியாது. கார்ட்டூன் ஆவணகத்தைத் தேடி வருவோரில் சிறுவரும் இருப்பர் என்பதால் இக்கவலை நியாயமானது.

மூன்றாவது, அளவு. மூலப்படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ரசிகர் படங்களுக்கு வரம்பில்லை. அனைத்தையும் சேர்த்தால் மூலப்படங்கள் கூட்டத்தில் மறைந்துவிடும்; சேமிப்பிடத்திற்கும் பணியாளர் நேரத்திற்கும் செலவு கூடும். நான்காவது, உரிமை. அனுமதியின்றி உருவான படத்தை ஆவணகம் வெளியிட்டால் அந்த மீறலில் ஆவணகமும் பங்குகொள்கிறது என்ற கேள்வி எழும்.

இந்நான்கு காரணங்களையும் எடைபோடுவதற்குத் தமிழ் மரபே சில அளவுகோல்களைத் தருகிறது.

முதல், வழி, சார்பு

ஒரு நூலைப் பார்த்து மற்றொரு நூல் பிறப்பதைத் தமிழ் இலக்கணம் குற்றமாகக் கருதவில்லை. அதற்குப் பெயரிட்டு வகைப்படுத்தியது. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பிரிக்கிறது. தொகுத்தல், விரித்தல், இரண்டையும் சேர்த்துச் செய்தல், மொழிபெயர்த்தல் என வழிநூல் நான்கு வகைப்படும். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சார்புநூல் என்ற மூன்றாவது வகையையும் சேர்த்துக்கொண்டது. முதல்நூல், வழிநூல் ஆகியவற்றோடு சிறுபான்மை ஒத்து, மற்றவற்றில் வேறுபட்டு நிற்பது சார்புநூலாகும்.

இப்பகுப்பு இன்றைய கேள்விக்கும் பொருந்தும். கம்பராமாயணம் வான்மீகத்தை முதல்நூலாகக் கொண்ட வழிநூல். அதனால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை. வான்மீகியின் பெயரைக் கம்பர் மறைக்கவும் இல்லை. மூலத்தை மீண்டும் வரையும் ரசிகர் படத்தை வழிநூலோடும், பாத்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கதை சொல்லும் படத்தைச் சார்புநூலோடும் ஒப்பிடலாம். வகை எதுவாயினும் அதன் பெயர் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும் என்பதே இலக்கண நூலார் கருத்து. பாயிரத்தில் நூல் வந்த வழியையும் கூற வேண்டும் என்று அவர்கள் விதித்தது இதனால்தான்.

கம்பனும் மிகைப் பாடல்களும்

வழியைச் சொல்லாமல் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கம்பராமாயணமே சான்று. அச்சு வருவதற்கு முன் அந்நூல் ஓலைச்சுவடிகளில் படியெடுக்கப்பட்டு வந்தது. படித்துச் சுவைத்தவர்களும் கதை சொன்னவர்களும் தாம் இயற்றிய பாடல்களை இடையிடையே சேர்த்தனர். வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் அவ்வாறு பல பாடல்களைச் சேர்த்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதனால் இடைச்செருகலான பாடல்களை வெள்ளி பாடல்கள் என்று அழைக்கும் வழக்கமும் உண்டாயிற்று. இவற்றைச் சேர்த்தவர்களுள் பலர் கம்பனை வெறுத்தவர்கள் அல்லர். கம்பன் மீது அளவற்ற பற்றுக் கொண்டவர்கள். இக்காலச் சொல்லில் கூறினால் ரசிகர்கள்.

சுவடிக்குச் சுவடி பாடல் எண்ணிக்கை மாறியதால் எது கம்பன் வாக்கு என்று பிரித்தறிவது பெரும் பணியாயிற்று. 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தை நிறுவிய சா. கணேசன், தம்மைக் கம்பன் அடிப்பொடி என்று அழைத்துக்கொண்டவர். அக்கழகத்தின் தொடக்க கால விழாக்களோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். அச்சிட்ட நூல்களில் காணப்படும் பாடல்களுள் பல கம்பனுடையவை அல்ல என்று அவர் உறுதியாகக் கூறினார். தம் சுவையுணர்வையே உரைகல்லாகக் கொண்டு பாடல்களைத் தேர்ந்தெடுத்தும் திருத்தியும் வெளியிட்டார். சுவையை மட்டும் கொண்டு பாடலை நீக்குவது முறையன்று, சுவடிச் சான்று வேண்டும் என்று புலவர்கள் பலர் மறுத்தனர்.

இறுதியில் பதிப்புலகம் கண்ட தீர்வு நடுநிலையானது. ஐயத்திற்கிடமான பாடல்களை நூலின் உடலிலிருந்து பிரித்து, மிகைப் பாடல்கள் என்ற தலைப்பில் தனியே அச்சிடும் முறை நிலைபெற்றது. இணையத்தில் இந்நூலைப் படிப்போரும் மிகைப் பாடல்களைத் தனிப் பகுதியாகக் காணலாம். அவை எரிக்கப்படவில்லை; கம்பன் பெயரில் கலந்து நிற்கவும் இல்லை. இதனால் இரண்டு நன்மைகள் விளைந்தன. கம்பனைப் படிக்க விரும்புவோர் கம்பனைப் படிக்கலாம். பிற்காலத்தார் கம்பனை எப்படி உள்வாங்கினர் என்று ஆராய விரும்புவோர் மிகைப் பாடல்களை நாடலாம். ஒரு பதிப்பாசிரியரின் தீர்ப்பு தவறாக இருந்தாலும், நீக்கிய பாடல் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் அடுத்த தலைமுறை அதனைத் திருத்திக்கொள்ள முடியும்.

உத்தர காண்டத்தின் நிலையும் கருதத்தக்கது. கம்பர் ஆறு காண்டங்களையே பாடினார் என்பதும், ஏழாவதான உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குவதும் தமிழ் மாணவர் அறிந்தவை. வேறொருவர் பெயரோடு தனியே நிற்பதால் அதனால் எவருக்கும் மயக்கம் நேர்வதில்லை.

கோட்டையூரின் காகிதக் களஞ்சியம்

மூலம், இடைச்செருகல் என்ற கேள்வியைப் போலவே, உயர்ந்தது, தாழ்ந்தது என்ற கேள்வியும் ஆவணகத்தாரை வாட்டுவது. இதற்கு விடையாக அமைந்தது கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர் 1950-களில் தொடங்கித் தமிழ் அச்சுப் பொருள்களைத் திரட்டினார். செவ்வியல் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றோடு நாடக நோட்டீசுகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள், செய்தி நறுக்குகள் போன்றவற்றையும் விடாமல் சேர்த்தார். நூல்களும் இதழ்களும் பிறவுமாக ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் அவரது கோட்டையூர் இல்லத்தில் சேர்ந்தன.

1992-இல் அவர் மறைந்தார். அதன்பின் சிகாகோ பல்கலைக்கழகம் இச்சேகரிப்பை வாங்கியது. அதனை அமெரிக்காவிற்குக் கொண்டுசெல்லாமல், மொழி அறக்கட்டளையின் ஒத்துழைப்போடு சென்னையிலேயே 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைக்கப்பட்டது. தமிழ் அச்சு வரலாற்றையும் சமூக வரலாற்றையும் ஆராய்வோர்க்கு இன்று அது இன்றியமையாத இடமாகும்.

ரோஜா முத்தையா சேர்த்தவற்றுள் பல, வெளியான காலத்தில் எவராலும் மதிக்கப்படாதவை. சினிமாப் பாட்டுப் புத்தகம் கொட்டகை வாசலில் சில காசுகளுக்கு விற்கப்பட்டது. பாட்டு மறந்ததும் எறியப்பட்டது. ஆனால் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் (1931) உள்ளிட்ட பல தொடக்க காலப் படங்களின் படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. அவ்வாறு தொலைந்த படங்களின் கதைச் சுருக்கத்தையும் நடிகர் பெயர்களையும் பாடல்களையும் அறியப் பாட்டுப் புத்தகங்களே பெரும்பாலும் துணைநிற்கின்றன. சென்னைக் குஜிலிக் கடைவீதியில் விற்கப்பட்ட மலிவுப் பாட்டுப் பிரசுரங்களும் அத்தகையவையே. வெள்ளம், இரயில் விபத்து, கொலை வழக்கு, சுதேசிக் கிளர்ச்சி என அன்றாடச் செய்திகளைப் பாட்டாக்கிய அவற்றைப் புலவர்கள் பொருட்படுத்தவில்லை. இன்றைய வரலாற்றாசிரியர்களோ எளிய மக்களின் மனநிலையை அறிய அவற்றைத் தேடுகின்றனர்.

எது பிற்காலத்திற்குத் தேவைப்படும் என்பதை நிகழ்காலத்தவர் முழுமையாகக் கணிக்க இயலாது என்பதே கோட்டையூர் தரும் பாடம். ஈழத்துத் தமிழ் எழுத்துகளைத் திரட்டிவரும் நூலகம் என்னும் இணைய நூலகமும், 2005-இல் தொடங்கிய நாள் முதல் நூல்களோடு நின்றுவிடாமல் பாடசாலை மலர்களையும் நினைவு மலர்களையும் துண்டுப் பிரசுரங்களையும் சேர்த்து வருகிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம், சிறிய தாளும் சான்றாகும் என்பதை நன்கு உணர்ந்தது.

ஃபிளாஷ் மறைந்த கதை

ரசிகர் அசைவூட்டப் படங்களும் இதே அழிவை எதிர்கொண்டன. 1990-களின் இறுதி முதல் ஃபிளாஷ் என்ற மென்பொருள், வீட்டுக் கணினியில் தனியொருவர் கார்ட்டூன் செய்வதை எளிதாக்கியது. நியூகிரவுண்ட்ஸ் போன்ற தளங்களில் இளைஞர்கள் தம் படங்களை வெளியிட்டனர். விளையாட்டுப் பாத்திரங்களையும் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களையும் கொண்டு அமைந்தவை அவற்றுள் பல. 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. அதன்பின் இணைய உலாவிகள் அப்படங்களைத் திறக்கவில்லை. ஓலைச்சுவடி செல்லரிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இங்கு ஒரு தலைமுறையின் படைப்புகள் ஒரே முடிவினால் பார்க்க இயலாதவை ஆயின.

அவற்றுள் பல பிழைத்தது தன்னார்வலர்களால்தான். ஃபிளாஷ்பாயிண்ட் என்ற திட்டத்தின் ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கான படங்களையும் விளையாட்டுகளையும் பதிவிறக்கிக் காத்தனர். 2020 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனம், ரஃபிள் என்ற மென்பொருளின் உதவியால் பழைய ஃபிளாஷ் படங்களை மீண்டும் ஓடச் செய்தது. இது மூலப்படமா, ரசிகர் படமா என்று பார்த்து, பின்னதை ஒதுக்கியிருந்தால் அக்காலத்தின் பெரும்பகுதி வெற்றிடமாகியிருக்கும்.

இந்தியச் சட்டத்தின் நிலை

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் உரிமை அது வெளியான பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். தனிப்பட்ட பயன்பாடு, ஆராய்ச்சி, விமரிசனம் போன்றவற்றிற்கு 52-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் மின்வடிவில் அல்லாத படி ஒன்று இருந்தால், பாதுகாப்பிற்காக அதனை மின்வடிவில் சேமிக்கலாம் என்ற விதியை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. தொடக்கத்திலிருந்தே மின்வடிவில் மட்டும் இருக்கும் ரசிகர் படத்திற்கு இவ்விதி நேராகப் பொருந்தவில்லை.

மற்றொரு விதியும் கவனத்திற்குரியது. ஒரு திரைப்படத்தின் கணிசமான பகுதி வேறொரு படைப்பின் உரிமையை மீறுவதாக இருந்தால், அத்திரைப்படத்திற்குப் பதிப்புரிமை கிடையாது என்று 13-ஆம் பிரிவு கூறுகிறது. எனவே பல மாதம் உழைத்து வரைந்த ரசிகருக்குத் தம் படத்தின் மீது சட்டப் பாதுகாப்பு இல்லாமல் போகக்கூடும். அவர் பெயர் நிலைப்பது ஆவணகம் எழுதும் குறிப்பைப் பொறுத்ததாகிவிடுகிறது. பெயரின்றி ஒரு படத்தைச் சேர்ப்பது, மூல உரிமையாளருக்கு மட்டுமன்றி வரைந்தவருக்கும் செய்யும் அநீதியாகும்.

உரிமைச் சிக்கல் உள்ள படத்தை அழித்துவிடுவது தீர்வாகுமா? வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. 1922-இல் ஜெர்மனியில் வெளிவந்த நாஸ்ஃபெராட்டு என்ற படம் டிராகுலா நாவலை அனுமதியின்றித் தழுவியது. படிகளை அழிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. எஞ்சிய சில படிகளால் பிழைத்த அப்படம் இன்று உலகத் திரைப்பட வரலாற்றின் முதன்மைப் படைப்புகளுள் ஒன்று.

இந்தியாவிலும் ஒரு சான்று உண்டு. சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவி, நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு நிறுவனம் மார்த்தாண்ட வர்மா (1933) என்ற ஊமைப்படத்தை எடுத்தது. நாவலின் உரிமை பெற்ற திருவனந்தபுரம் பதிப்பகம் வழக்குத் தொடுத்ததால் படம் முடங்கியது. படச்சுருள் பதிப்பகத்தாரிடம் சேர்ந்தது. 1974-இல் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணகம் அதனைப் பெற்றுக்கொண்டது. தென்னிந்திய ஊமைப்படங்கள் ஏறக்குறைய அனைத்தும் அழிந்துவிட்ட நிலையில், உரிமையின்றி எடுக்கப்பட்ட இப்படம் வழக்கின் காரணமாகவே பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. திரையிடத் தடை இருந்த காலத்திலும் படம் பாதுகாக்கப்பட்டது என்பதே இதில் முக்கியம். பாதுகாத்தல் வேறு, காட்டுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் விவாதம் பல நேரங்களில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

நடைமுறைக்கு உகந்த நெறி

மேற்கண்ட வரலாறுகளிலிருந்து கார்ட்டூன் ஆவணகம் ஒன்று பின்பற்றத்தக்க நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

ரசிகர் படங்களை மூலப்படங்களின் வரிசையில் கலக்காமல், மிகைப் பாடல்களைப் போலத் தனிப் பகுதியில் வைக்க வேண்டும். மூலத்தைத் தேடுபவருக்கு மூலம் மட்டும் கிடைக்க வேண்டும். விரும்பினால் அங்கிருந்து ரசிகர் பகுதிக்குச் செல்லும் வழி இருக்க வேண்டும்.

ஒவ்வொரு படத்திற்கும் பாயிரம் போன்ற குறிப்பு வேண்டும். வரைந்தவர் பெயர் அல்லது அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர், உருவான ஆண்டு, பயன்படுத்திய மென்பொருள், எந்த மூலத்தைச் சார்ந்தது, எந்த அளவு சார்ந்தது, முதலில் எங்கு வெளியானது ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். இக்குறிப்பு இருந்தால் மயக்கம் என்ற முதல் மறுப்பு பெரும்பாலும் நீங்கும்.

குழந்தைகள் காணத்தகாதவற்றைப் பொதுப்பார்வையில் வைக்காமல், ஆய்வாளர் கேட்கும்போது தரும் பகுதியில் வைக்கலாம். உரிமையாளர் மறுப்புத் தெரிவித்தால் காட்சியை நிறுத்திவைத்து, சட்டம் இடம் தரும் அளவிற்குப் படியைப் பாதுகாக்கலாம். வரைந்தவரே தம் இளமைக்கால முயற்சியை வெளியிட வேண்டாம் என்று கேட்டால் அவ்வேண்டுகோளுக்கும் மதிப்பளிக்க வேண்டும். பள்ளி மாணவராக இருந்தபோது வரைந்த படம் அவர் பெயரோடு என்றென்றும் திரையில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அளவு என்ற சிக்கலுக்கு முழுமையான விடை கிடையாது. எல்லாவற்றையும் சேர்க்க எந்த ஆவணகத்தாலும் முடியாது. ஆயினும் தேர்வு செய்யும்போது அழகு ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளாமல், அழியும் நிலையில் உள்ளவை, ஒரு கலைஞரின் தொடக்கத்தைக் காட்டுபவை, தொலைந்த மூலத்திற்குச் சான்றாக நிற்பவை, ஒரு வட்டாரத்தின் மொழியையும் நகைச்சுவையையும் பதிவு செய்பவை ஆகியவற்றிற்கு முன்னுரிமை தரலாம். தேர்வுக்கான காரணத்தை எழுதிவைப்பதும் கடமை. ரசிகமணியின் தேர்வை இன்றும் விவாதிக்க முடிகிறது என்றால், அவர் எதை ஏற்றார், எதை நீக்கினார் என்பது தெரிவதால்தான்.

தமிழ்ச் சூழலில் இதன் தேவை

தமிழில் அசைவூட்டப் படங்களின் மரபு இன்னும் வளர்ந்துவரும் நிலையில் உள்ளது. முழுநீளப் படங்கள் எண்ணிக்கையில் குறைவு. இந்நிலையில் தமிழ் பேசும் கார்ட்டூன்களைத் தேடும் வருங்கால ஆய்வாளர் காணப்போவது பெரிய நிறுவனங்களின் படங்களை மட்டுமன்று. கல்லூரி மாணவர்களும் ஓவிய ஆர்வலர்களும் கைப்பேசியிலும் கணினியிலும் வரைந்து, தாமே குரல் கொடுத்து வெளியிடும் துண்டுப்படங்களையும் அவர் தேடுவார். திரைப்பட நாயகர்களையும் படக்கதைப் பாத்திரங்களையும் கொண்டு செய்த படங்கள் அவற்றுள் இருக்கும். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள், பழைய இதழ்களை வீட்டில் காத்துவைத்ததால்தான் அவற்றைப் பற்றி இன்று பேச முடிகிறது. வாசகரின் அலமாரி ஆவணகமாக உதவிய இவ்வனுபவம் படங்களுக்கும் பொருந்தும்.

கண்டனூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களில் பர்மாவிற்கும் மலாயாவிற்கும் சென்றோர் அனுப்பிய கடிதங்களும் கணக்கேடுகளும் பெரிய வீடுகளின் பெட்டகங்களில் கிடந்தன. வீடு கைமாறும்போதும் இடிக்கப்படும்போதும் அத்தகைய தாள்கள் எடைக்குப் போவது உண்டு. மதிப்பு அறியாதவர் கையில் சிக்கிய தாள் மீளாது. அதே ஊர்களின் பிள்ளைகள் இன்று வரையும் படங்கள் பெட்டகத்தில் இல்லை; பழுதான கைப்பேசியிலும் மூடப்பட்ட கணக்கிலும் உள்ளன. அவற்றை எடைக்குப் போடக்கூட எவரும் வரமாட்டார்கள்.

ரசிகர் அசைவூட்டப் படத்திற்குக் கார்ட்டூன் ஆவணகத்தில் இடம் உண்டு என்பதே இவ்வரலாறுகள் காட்டும் முடிவு. அந்த இடம் மூலத்தின் இடம் அன்று. மூலத்தின் பக்கத்தில், வரைந்தவர் பெயரோடு அமைந்த தனி இடம். கம்பனின் பாடலையும் கம்பனை நேசித்தவரின் பாடலையும் வேறு பிரித்து இரண்டையும் காத்த பதிப்பாசிரியர்கள் இதற்கு வழிகாட்டியுள்ளனர். அந்த வழியில் செல்ல ஆவணகத்திற்குத் தேவையானவை பொறுமையும் நேர்மையான குறிப்புமே ஆகும்.